பரமட்டாவில் ஏறும் மீன்களும் மெனிண்டியில் மிதந்த மீன்களும்

சேர்க்குலர் கீயிலிருந்து வரும் படகு பரமட்டாத் துறையோடு நின்றுவிடும். அதற்குச் சற்று மேலே சார்ள்ஸ் வீதித் தடுப்பணை ஆற்றை மறித்து நிற்கிறது. அணைக்குக் கீழே இருப்பது கடலின் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்கும் உப்புத் தண்ணீர். மேலே நன்னீர். வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில், துங்காபி என்று இந்தப் பக்கத்தில் வாழும் எம்மவர்களில் பெரும்பாலானோர் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். நின்று பார்த்தவர்கள் குறைவு.

சென்ற வருட மழைக்காலம் ஒன்றில் எங்கள் வீட்டு முதியவரை அங்கே கூட்டிப் போனோம். வட்டக்கச்சியில் வயல் செய்தவர். இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஆறு கலங்கி, அணையின் மேலால் வழிந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றவர், "இதென்ன மோனை, வான் பாயுது, பாக்க ஒரு சனமும் இல்லை" என்றார்.

இரணைமடு வான் பாய்ந்தால் கிளிநொச்சிச் சனம் உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் குளக்கட்டுக்குப் போகும். அந்தக் காட்சியைக் கண்டவர்களுக்கு அவருடைய வியப்பு புரியும். எங்கள் ஊர்களில் வான் பாய்வது ஒரு செய்தி. தண்ணீர் பார்க்கப் போவார்கள், மீன் பார்க்கப் போவார்கள், அந்த வருடத்துச் சிறுபோகம் தப்புமா என்று கணக்குப் பார்க்கவும் போவார்கள். குளத்து மீன் வானால் வெளியேறுவதும், வெளியேறிய மீன் திரும்ப மேலே ஏறத் துடிப்பதும், அதற்குக் கொக்குகள் வரிசையாகக் காத்திருப்பதும் சிறுவர்களுக்குப் பெரிய வேடிக்கை. இங்கே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு மீன் என்றால் ஒன்றில் சுப்பர்மார்க்கட் ஐஸ் தட்டில் இருக்கிறது, அல்லது டார்லிங் ஹாபர் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது.

அன்று அந்த அணையில் நாங்கள் கண்டது அதிகமில்லை. இரண்டு நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. ஒரு பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தியது. கலங்கல் தண்ணீரில் மீன் தெரியவில்லை. ஆனால் பறவைகள் எந்த மூலையில் காத்திருந்தனவோ, அந்த மூலையில்தான் மீன்கள் ஏறுவதற்கான வழி இருந்தது. எந்தப் பலகையையும் வாசிக்காமலே கிழவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

பரமட்டா நகருக்குள் மட்டும் சார்ள்ஸ் வீதி, மார்ஸ்டன் வீதி, அசைலம், கியோஸ்க் என்று நான்கு தடுப்பணைகள் ஆற்றை மறிக்கின்றன. நான்கிலும் இப்போது மீன் ஏணி அமைக்கப்பட்டிருக்கிறது. இதை ஏதோ பூங்கா அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆற்றின் முக்கியமான மீன்கள் பல, கடலுக்கும் நன்னீருக்கும் இடையே போய்வராமல் இனம் பெருக்க முடியாதவை. அவுஸ்திரேலியன் பாஸ் மேல் ஆற்றில் வாழும். குளிர்காலத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரப் பகுதிக்கு இறங்கி முட்டையிடும். வசந்த காலத்தில் தாயும் குஞ்சும் திரும்ப மேலே ஏறும். ஒரு முழ உயரச் சுவர் குறுக்கே வந்தாலும் அந்த வட்டம் அறுந்து போகும். மடவை, மணலை என்று நாம் அழைக்கும் குடும்பத்து மீன்களும் இதே ஆற்றில் மேலே ஏறுகின்றன.

விலாங்கின் கதை இன்னும் விசித்திரமானது. பாஸைப் போல அதுவும் முட்டையிடக் கீழே இறங்கும். நன்னீரில் பல பத்தாண்டுகள் வாழ்ந்துவிட்டு, முதிர்ந்ததும் ஆற்றை விட்டிறங்கி, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப் போய் முட்டையிட்டுச் செத்துவிடும். அங்கே பொரிக்கும் குஞ்சுகள் கண்ணாடி போன்ற உடம்போடு நீரோட்டத்தில் மிதந்து வந்து, தாங்கள் ஒருபோதும் காணாத ஆறுகளில் ஏறுகின்றன. ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறவும், மழை இரவில் புல்லின் மேல் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகவும் விலாங்கினால் முடியும். பரமட்டா என்ற பெயரே இந்த மண்ணின் பரமட்டகல் மக்கள் விலாங்குகளை வைத்து இட்டது என்று சொல்லப்படுகிறது. விலாங்கு கிடக்கும் இடம் என்று பொருள். எங்கள் பிள்ளைகள் ஆதரவளிக்கும் ரக்பி அணியின் சின்னத்தில் விலாங்கு இருப்பது அதனால்தான். அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் பையன்களில் எத்தனை பேர் உயிரோடு ஒரு விலாங்கைப் பார்த்திருப்பார்கள்?

மெல்பேர்ணில் இருப்பவர்கள் அபட்ஸ்போட்டில் யாரா ஆற்றின் டைட்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் போய்ப் பார்க்கலாம். பெயர்தான் நீர்வீழ்ச்சி. 1840களில் ஒரு மாவாலைக்காகக் கட்டப்பட்ட அணையின் வாரிசு அது. மெரி கிறீக் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1993 இல் அங்கே ஒரு மீன்வழி அமைத்தார்கள். அது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. பிறகு மெல்பேர்ண் வோட்டர் நிறுவனம் அணையைப் புதுப்பித்து, 2012 இல் செங்குத்துப் பிளவுகள் கொண்ட புதிய மீன்வழியைக் கட்டியது. அழிவை எதிர்நோக்கும் அவுஸ்திரேலியன் கிறேலிங் உட்பட, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வாழும் சிறு மீன்கள் பலவற்றுக்கு யாராவின் மேற்பகுதிக்குப் போக அதுவே வாசல்.

முதல் மீன்வழிகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் பழைய மீன் ஏணிகள் பலவும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சமன் மீனுக்காக வரையப்பட்ட படங்களைப் பார்த்துக் கட்டப்பட்டவை. சமன் துள்ளும், வேகமான நீரை எதிர்த்துப் பாயும். இந்த நாட்டு மீன்கள் துள்ளுவதில்லை. மறே கொட், கோல்டன் பேர்ச் போன்றவை நீந்தித்தான் ஏற வேண்டும். குஞ்சுகளுக்கு இன்னும் மெதுவான நீர் தேவை. ஆகவே பல பத்தாண்டுகள் செங்குத்தான படிக்கட்டுகள் அணைகளில் இருந்தன, மீன்கள் கீழே நின்றன. குற்றம் மீனின் மேல் போடப்பட்டது. 1980களில்தான் ஆய்வாளர்கள் இந்நாட்டு மீன்களை உண்மையாகவே தொட்டியில் நீந்தவிட்டு, எவ்வளவு வேகத்தை அவற்றால் தாங்க முடியும் என்று அளந்தார்கள். அந்த அளவுகளின்படி மறே ஆற்றில் டொரம்பரி அணையில் 1991 இல் கட்டிய செங்குத்துப் பிளவு மீன்வழி வெற்றி பெற்றது. ஒரு நீண்ட கால்வாயைச் சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு விடுவார்கள். மீன் ஓர் அறையில் இளைப்பாறி, பிளவால் நுழைந்து, அடுத்த அறைக்குப் போகும். குதிக்க வேண்டியதில்லை.

வந்து சேர்ந்த நாட்டின் அலுவலகங்களில் வேறொருவருக்காக வெட்டிய படிகளுக்குக் கீழே நின்று பழகியவர்கள் நாங்கள். இந்தக் கதை எங்களுக்குப் பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

2000களின் தொடக்கத்திலிருந்து மறே ஆற்றின் முகத்துவாரத் தடுப்புகள் தொடங்கி ஹியூம் அணை வரை, 2,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்கு, அணை அணையாக மீன்வழிகள் கட்டப்பட்டன. மீன்களுக்கு அரிசியளவு நுண்சில்லு பொருத்தி, ஒவ்வொரு மீன்வழியிலும் அதை வாசிக்கும் கருவியை வைத்தார்கள். எந்த மீன் எந்த நாளில் எந்த அணையைத் தாண்டியது என்று இன்று சொல்ல முடியும். சிட்னிக்குத் தெற்கே கங்காரு வலியில், ஷோல்ஹேவன் ஆற்றுக்குக் குறுக்கே 1976 இல் கட்டிய டலோவா அணைக்கு இந்தக் கால்வாய் முறை சரிவராது. உயரம் 43 மீட்டர். அங்கே 2009 இல் மீனுக்கு லிப்ட் வைத்தார்கள். அணையின் அடியில் மீன்கள் ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும், தொட்டியைத் தண்ணீரோடு தூக்கி, சுவரின் மேலால் கொண்டுபோய் மறுபக்க நீர்த்தேக்கத்தில் விட்டுவிடுகிறது. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள் கங்காரு வலியின் பழைய தொங்குபாலத்தோடு திரும்பிவிடாமல் இந்த அணையையும் பார்த்துவிட்டு வரலாம்.

இதுவரை சொன்னது மனதுக்கு இதமான பகுதி. இனி மற்றப் பகுதி.

சிட்னியிலிருந்து மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், டார்லிங் ஆற்றின் கரையில் மெனிண்டி என்று ஐந்நூறு பேரளவில் வாழும் ஊர் இருக்கிறது. அந்த ஆற்றை அதன் சொந்தக்காரரான பார்க்கிஞ்சி மக்கள் பாக்கா என்பார்கள். தங்கள் பெயரே அந்த ஆற்றிலிருந்து வந்தது என்பார்கள். 2018 டிசம்பருக்கும் 2019 ஜனவரிக்கும் இடையே அங்கே மூன்று தடவை மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்தவை இலட்சக்கணக்கில். அவற்றில் பல பத்தாண்டு வயதுடைய மறே கொட் மீன்களும் இருந்தன. இரண்டு ஆண்கள் ஆற்றுக்குள் நின்று, குழந்தையைத் தூக்குவதுபோல் செத்த மீன்களைக் கையில் ஏந்தி அழும் காணொளியை அப்போது எங்களில் பலரும் பகிர்ந்தோம்.

உடனடிக் காரணம் எளிமையானது. ஓட்டம் நின்ற ஆற்றில் வெயிலுக்கு நீலப்பச்சைப் பாசி பெருகியது. மேல் நீர் சூடாகவும் அடி நீர் ஒட்சிசன் அற்றதாகவும் இரண்டு அடுக்காகப் பிரிந்தன. திடீரென வந்த குளிர் காற்று இரண்டையும் கலக்கியது. இருந்த ஒட்சிசனும் போயிற்று. ஆனால் ஓட்டம் ஏன் நின்றது? வரட்சி என்றது அரசு. வரட்சி உண்மைதான். ஆயினும் 2019 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, மேல் ஆற்றில் பாசனத்துக்காக நெடுங்காலமாக அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டதால் ஆற்றில் போதிய நீர் இல்லாமல் போனதே அடிப்படைக் காரணம் என்று சொன்னது. அதே ஆண்டில் தென் அவுஸ்திரேலியா அமைத்த அரச ஆணைக்குழு, ஆற்றுக்கு எவ்வளவு நீர் திருப்பித் தரவேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அறிவியலைவிட அரசியலைப் பார்த்தார்கள் என்ற கருத்தைக் கடுமையாகவே எழுதியது.

பிறகு மழை வந்தது, வெள்ளம் வந்தது, ஏரிகள் நிறைந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியபோது, 2023 மார்ச்சில் மெனிண்டியில் மீண்டும் மீன் செத்தது. இம்முறை 2 கோடி முதல் 3 கோடி வரை என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் போனி ஹெரிங் என்ற சிறு மீன். வெள்ளத்தில் ஏராளமாகப் பெருகிய மீன்கள், நீர் வடிந்தபோது மெனிண்டியின் பிரதான அணைக்கும் அதற்குக் கீழுள்ள 32 ஆம் இலக்க அணைக்கும் இடையே அடைபட்டன. சூடு ஏறியது, ஒட்சிசன் தீர்ந்தது. மேலே ஏற வழியில்லை. பிரதான அணையில் மீன்வழி இருக்கவில்லை. தண்ணீர் இருந்தும் செத்தன.

இந்த இரண்டு சாவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடயம் விளங்கும். முதலாவதில் தண்ணீர் இல்லை. இரண்டாவதில் தண்ணீர் இருந்தது, வழி இல்லை. மீன்வழி கட்டுவதைப் பற்றி அமைச்சர்கள் நாடா வெட்டிப் பேசும்போது நாம் முதலாவதையும் கேட்க வேண்டும்: ஏணிக்குள் ஓடத் தண்ணீர் விடுவீர்களா? தண்ணீர் அளவைப் பற்றி மட்டும் சண்டை பிடிப்பவர்களிடம் இரண்டாவதையும் கேட்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸின் 1994 ஆம் ஆண்டு மீன்பிடி முகாமைத்துவச் சட்டம், அணையைப் புதிதாகக் கட்டும்போதோ மாற்றியமைக்கும்போதோ மீன்வழி அமைக்கும்படி பணிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. இந்த வாசகத்துக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. அணையை யாரும் தொடாதவரை எதுவும் நடக்க வேண்டியதில்லை.

மெனிண்டிக் கதையில் இன்னொரு கண்ணியும் உண்டு. அதை வாசித்தபோது எங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. புரோக்கன் ஹில் நகரத்துக்குக் குடிநீர் நெடுங்காலமாக மெனிண்டி ஏரிகளிலிருந்துதான் போனது. பிறகு வென்ற்வேர்த்தில் மறே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு, சுமார் 50 கோடி டொலர் செலவில், 2019 இல் அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நகரம் தப்பியது. ஆனால் ஒரு நகரத்தின் குடிநீர் என்ற காரணம் அகன்றதும், ஏரிகளில் நீரை வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் அரசுக்குக் குறைந்துவிட்டது என்பது மெனிண்டி மக்களின் முறைப்பாடு.

இதை இரணைமடுவோடு வைத்துப் பாருங்கள். இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவர்ந்துகொண்டு போவது உண்மை. கிளிநொச்சியில் சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத வருடங்கள் இருப்பதும் உண்மை. இரண்டு பக்கமும் தமிழர்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. அந்த வாக்குவாதம் நடந்த காலத்தில் சிட்னியிலும் லண்டனிலும் இருந்த நாங்கள், எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்துக் கட்சி பிரிந்து பேசினோம். மேல் ஆற்றுக்காரரும் கீழ் ஆற்றுக்காரரும் எங்கும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதைப் பார்க்க மெனிண்டி வரை போகவேண்டி இருந்தது. இன்னொன்றும் மனதில் நிற்கிறது. 2018 டிசம்பரில், மெனிண்டியில் ஓட்டமற்ற ஆற்றில் மீன்கள் செத்த அதே வாரங்களில்தான் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. இரணைமடு வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்று சனம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவின் திறப்பு யார் கையில், எந்த நேரத்தில் திறப்பார்கள் என்பது இரண்டு நாட்டிலும் ஒரே கேள்வி.

எங்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சங்கக் கூட்டமொன்றில் இதைப் பேசப்போனபோது, "ஊரில சனத்துக்கே நீதி கிடைக்கேல்லை, நீங்கள் மீனுக்கு நிக்கிறியள்" என்று ஒரு அண்ணர் சிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இந்தத் தண்ணீரில் எங்களுக்குப் பங்கில்லை என்பது சரியல்ல. படகில் வந்து வருடக்கணக்காக இடைக்கால விசாவில் காத்திருந்த எங்கள் பிள்ளைகளில் சிலர் மறே, மறம்பிட்ஜிக் கரைகளின் பழத்தோட்டங்களில் முந்திரிகையும் தோடம்பழமும் பிடுங்கித்தான் வயிறு வளர்த்தார்கள், ஊருக்கும் காசு அனுப்பினார்கள். அந்தத் தோட்டங்கள் நிற்பது பாசன நீரில். றிவரினாவில் விளையும் அரிசியை நாங்களும் வாங்குகிறோம். ஆகவே பாசனக்காரரெல்லாம் கள்ளர் என்று எழுதுவது எங்களுக்கு இலகுவும் அல்ல, உண்மையும் அல்ல. சிறு தோட்டக்காரரும், வெள்ள நீரையே வளைத்துத் தங்கள் பெருந்தேக்கங்களுக்குள் விடும் வட பகுதியின் பாரிய பருத்திப் பண்ணைகளும் ஒரே தராசில் நிற்பவர்கள் அல்ல. 2017 இல் ஏபிசி தொலைக்காட்சி அந்தப் பெரும் பண்ணைகளின் நீர் எடுப்பைப் பற்றி வெளியிட்ட நிகழ்ச்சிக்குப் பிறகே விசாரணைகளும் வழக்குகளும் வந்தன. அதுவரை அளவுமானி இல்லாத பம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மறே-டார்லிங் படுகைத் திட்டம் 2012 இல் வந்தது. ஆற்றுக்கு ஆண்டுக்கு 2,750 ஜிகாலீற்றர் நீரை மீட்டுத் தருவது அதன் முதல் இலக்கு. பிறகு தென் அவுஸ்திரேலியாவைச் சமாதானப்படுத்த மேலும் 450 ஜிகாலீற்றர் வாக்களிக்கப்பட்டது. அந்த 450 இல் மிகச் சிறிய பகுதியே பல ஆண்டுகள் கழித்தும் கிடைத்திருந்தது. 2023 இறுதியில் நிறைவேறிய புதிய சட்டம் காலக்கெடுவை நீடித்து, விவசாயிகளிடமிருந்து நீர் உரிமையை அரசு விலைக்கு வாங்குவதற்கு இருந்த உச்ச வரம்பையும் நீக்கியது. 2026 திட்டத்தின் மீளாய்வு ஆண்டு. பொதுமக்களும் அமைப்புகளும் கருத்துக் கொடுக்கலாம். எங்கள் சங்கங்கள் குடிவரவுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் மனு எழுதுவதில் நல்ல அனுபவம் உடையவை. இதற்கும் இரண்டு பக்கம் எழுதுவது அவற்றுக்குப் பாரமாக இராது. குளமும் வாய்க்காலும் பராமரித்த சமூகம் ஒன்றின் குரல் அந்தக் கோப்பில் இருப்பது வித்தியாசமாகவே இருக்கும். துருசு திறக்கும் முறையையும் வாய்க்கால் தண்ணீரின் முறையையும் கூட்டத்தில் பேசித் தீர்த்த விவசாயிகள் இன்னும் எங்களோடு உயிரோடு இருக்கிறார்கள். பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெறுமனே இருக்கிறார்கள்.

சிட்னியில் நாம் குடிக்கும் நீரிலும் ஒரு கதை இருக்கிறது. எங்கள் குழாய்களில் வரும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வரகம்பா அணையிலிருந்து வருகிறது. 1960 இல் முடிந்த அணை, 142 மீட்டர் உயரம். அதற்குப் பின்னால் பரந்து கிடக்கும் பரகொராங் ஏரி, அதே பெயருடைய பள்ளத்தாக்கை மூழ்கடித்து உண்டானது. அங்கே பண்ணைகள் இருந்தன, சிறு ஊர்கள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே கண்டங்கரா மக்களின் நிலம் அது. மீண்டும் அந்தச் சுவரை 14 மீட்டர் உயர்த்தும் திட்டம் வந்தபோது, எஞ்சிய கண்டங்கரா ஓவியக் குகைகளும் புனித இடங்களும் வெள்ளத்தில் மூழ்கும் என்று அந்த மக்கள் எதிர்த்தார்கள். உயர்த்தாவிட்டால் ஹோக்ஸ்பரி-நெப்பியன் சமவெளியின் வீடுகள் மூழ்கும் என்றனர் மறுபக்கத்தார். 2023 இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தச் சமவெளியின் புதிய குடியிருப்புகளில் எம்மவர்களும் வீடு வாங்கியிருக்கிறார்கள். ஆகவே நாங்கள் இதில் பார்வையாளர்கள் மட்டும் அல்ல. எங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் நாங்கள். இன்னொருவரின் மூழ்கிய பள்ளத்தாக்கின் நீரில் தேத்தண்ணீர் போடுகிறோம் என்பதையாவது தெரிந்துகொண்டு குடிக்கலாம். அந்த அணையில் மீன் ஏறும் வழி எதுவும் இல்லை.

பரமட்டா ஆற்றுக்குத் திரும்புவோம். ஏனென்றால் எங்கள் குடும்பங்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஓர் ஆபத்து அங்கே இருக்கிறது. வார இறுதியில் அந்தக் கரைகளில் தூண்டிலோடு நிற்பவர்களில் எம்மவர்கள் இல்லாமல் இல்லை. பிடித்த மீனைக் குழம்பு வைக்க வீட்டுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஹோம்புஷ் குடாவின் கரையில், ரோட்ஸ் பகுதியில், யூனியன் காபைட் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் களைகொல்லி இரசாயனங்கள் செய்து, டயொக்சின் நஞ்சை மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் விட்டுச் சென்றது. கரையைத் துப்புரவாக்கினார்கள். ஆற்றின் அடிச் சேற்றை முழுவதும் அள்ள முடியாது. சேற்றில் மேயும் புழுவில் சேர்ந்து, புழுவைத் தின்னும் மீனிலும் இறாலிலும் கொழுப்போடு சேர்ந்து அது தங்குகிறது. 2006 இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் வியாபார மீன்பிடி நிறுத்தப்பட்டது. துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீன், இறால், நண்டு எதையும் உண்ண வேண்டாம் என்பது அன்றிலிருந்து அரசின் அறிவுறுத்தல். கிழக்கே பிடித்தாலும் பொதுவாக மாதம் 150 கிராமுக்கு மேல் வேண்டாம். பரமட்டா ஆறு முழுக்கப் பாலத்துக்கு மேற்கேதான் இருக்கிறது. மஞ்சளும் புளியும் போட்டால் நஞ்சு போய்விடும் என்று ஒரு அம்மா எங்களுக்குச் சொன்னார். டயொக்சின் சமைத்தால் போவதில்லை. சிறுபிள்ளைகளும் கருவுற்றிருக்கும் பெண்களும் உள்ள வீடுகளில் இதில் விளையாட வேண்டாம்.

பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவதற்குத் தடையில்லை. அதற்கும் நியூ சவுத் வேல்ஸில் மீன்பிடி அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் ஓய்வூதியச் சலுகை அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்கும் அது தேவையில்லை. அட்டையைக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். அந்தக் கட்டணப் பணம் ஒரு நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. மீன்களின் வாழிடங்களைத் திருத்தும் வேலைகளுக்கும் அதிலிருந்து செலவிடுகிறார்கள். மே 1 முதல் ஓகஸ்ட் 31 வரை ஆறுகளில் பாஸ் மீனை வைத்திருக்கக் கூடாது. அது முட்டையிட இறங்கும் காலம். அணைகளுக்கும் மீன் ஏணிகளுக்கும் பக்கத்தில் பல இடங்களில் தூண்டில் போடவே தடை உண்டு. பலகையை வாசித்துவிட்டு நில்லுங்கள்.

பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை. செப்டெம்பரிலிருந்து நவம்பர் வரை, மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, தண்ணீர் சற்றுத் தெளியத் தொடங்கும்போது போவது நல்லது. பின்னேரம் போனால், மங்கும் வேளையில் பரமட்டாப் பூங்காவுக்கு அருகிலிருந்து பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்புவதையும் காணலாம். பிள்ளைகளுக்கு மீனைவிட அது பிடிக்கும். சற்று வடக்கே லேக் பரமட்டாவில் 1856 இல் மணற்கல்லால் கட்டிய வளைவு அணை இன்னும் நிற்கிறது. உலகிலேயே பழைய மெல்லிய வளைவு அணைகளில் ஒன்று. அதன் கரையில் நீர் ஓணான்கள் வெயில் காயும்.

எங்கள் முதியவர் ஒக்டோபரில் மீண்டும் போகக் கேட்டார். போனோம். அன்று தண்ணீர் தெளிவு. ஏணியின் கீழ்வாயில் விரலளவு மீன்கள் சில நீரோட்டத்துக்கு முகம் கொடுத்தபடி அசையாமல் நின்றன. திடீரென்று ஒன்று உள்ளே போயிற்று, மற்றவை தொடர்ந்தன. பேத்தி அவை என்ன மீன் என்று கேட்டாள். எங்களுக்கும் தெரியவில்லை. "நில்லு, மேல வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் அணையின் மேற்பக்கம் நடந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.